சக்கரம் தரையில் நின்ற பிறகு

எங்கள் சிவப்பு டிரையம்ஃப் காருக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். ஒருவன் என் புருஷன் மெர்வின். இன்னொருவன் க்ளைவ். இங்கிலாந்தில், கவென்ட்ரியில் ஒரே தொழிற்சாலையில், ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவர்கள். 1979இல் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினார்கள். ஒரு வருடம் எங்கள் ஷெட்டில் நிற்கும், மறு வருடம் அவன் ஷெட்டில். ஏப்ரல் முதல் ஞாயிறு கைமாறும். கொடுக்கிறவன் குறையில்லாமல் கொடுக்க வேண்டும். வாங்குகிறவன் காருக்கு அடியில் படுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவான்.

இதற்கு ஒப்பந்தமும் உண்டு. பப்பில் பியர் கிளாஸுக்கு அடியில் வைப்பார்களே, அந்த அட்டையின் பின்பக்கத்தில் எழுதியது. 'வண்டி எந்த மெக்கானிக்கிடமும் போகக் கூடாது. தன் கையால் வேலையைச் சரியாகச் செய்ய முடியாமல் போகிறவன் தன் பாதியை மற்றவனுக்கு விட்டுவிட வேண்டும்.' கீழே இரண்டு கையெழுத்து. அப்போது அவர்களுக்கு இருபத்தொன்பது வயது. முடியாமல் போவதெல்லாம் வேறு யாருக்கோ என்ற நினைப்பு. என் கையெழுத்து அதில் இல்லை. டார்ச் பிடிக்கிறவளிடம் யார் கையெழுத்துக் கேட்பார்கள்?

இந்த வருடம் கொடுக்க வேண்டியவன் மெர்வின். வளைவில் திரும்பினால் வண்டியின் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்கு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பின் சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகள் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேரும் இடத்தில், புஷ் என்கிற ரப்பர் உருளைகள் நாலு இருக்கின்றன. நாலும் தேய்ந்து, காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்துபோயிருந்தன.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்திருக்கும்போது அந்தக் கைகள் கீழே தொங்கும். அப்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு வண்டியை இறக்கினால் முறுக்கிக்கொண்டு நின்று, ஒரே கோடையில் கிழிந்துவிடும். அதனால் சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. எங்கள் கார் கிளப்பில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவனையும் பிடித்து நிறுத்தி, கையில் இருக்கும் பேக்கன் ரொட்டி ஆறிப்போகும்வரை மெர்வின் இதைத்தான் ஓதுவான். முப்பது வருடமாக இதே பிரசங்கம். எனக்கே மனப்பாடம்.

பிப்ரவரியில் பப்பில் ஒரே கதையை ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தடவை சொன்னான். இரண்டாம் தடவை க்ளைவ் சிரிக்கவில்லை. மார்ச்சில் பக்கத்து ஊரான கெனில்வொர்த்திலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் ஒரு மணி நேரம் சுற்றினான். அது நாங்கள் நாற்பது வருடமாகப் போய்வருகிற சாலை. அதைக் கேள்விப்பட்டு க்ளைவ் வாசலில் வந்து நின்றான்.

"அட்டை ஞாபகம் இருக்கா மெர்வ்?"

"அதெல்லாம் இருக்கு. நீ போய் உன் ஷெட்டைப் பெருக்கி வை."

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அவன் கண் விளையாடவில்லை. அந்தக் காரும் கையைவிட்டுப் போனால் மெர்வினுக்குக் காலையில் எழுந்திருக்கக் காரணமே இருக்காது என்று எனக்குத் தெரியும்.

வேலை இரண்டு நாள் நடந்தது. மெர்வின் எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் செலவழித்துப் பழைய புஷ்களை வெளியே எடுத்தான். சோப்புத் தண்ணீர் தடவிப் புதியவற்றை உள்ளே தள்ளினான். நான் டார்ச் பிடித்தேன். இரும்புக் கைகளை மாட்டினான், சக்கரங்களை மாட்டினான். பிறகு, வண்டி ஸ்டாண்டிலேயே நிற்க, இறுக்கத்தை அளக்கும் ரெஞ்சால் நாலு நட்டையும் இறுக்கினான். சரியான இறுக்கம் வந்ததும் அந்த ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும். நாலு கிளிக். இறுக்கி முடித்ததற்கு அடையாளமாக நாலின் மேலும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு.

ஊருக்குத்தான் உபதேசம் என்று கேலி செய்ய வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"முடிஞ்சுது கண்ணு. க்ளைவ் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தாலும் ஒண்ணும் கெடைக்காது," என்றான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. நான் சொன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும், மறந்துபோனது போல்ட்டை மட்டுமல்ல என்று. எனக்குப் பயமாக இருந்தது. வண்டியை இறக்கினோம். பின்பக்கம் இரண்டு விரல் உயரம் தூக்கிக்கொண்டு நின்றது. மெர்வின் அதைப் பார்க்கவே இல்லை.

வியாழக்கிழமை அவன் கிளப் புல்வெளியில் பந்து உருட்டி விளையாடப் போகிற நாள். அவன் கிளம்பியதும் நான் சரிவுப் பலகைகள் இரண்டையும் இழுத்துப்போட்டு, காரை ரிவர்ஸில் ஏற்றினேன். பலகையில் நின்றாலும் பாரம் சக்கரத்தின் மேல்தான். இருபது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள் நான், இதென்ன பெரிய வித்தை? ஆனால் அடியில் நுழைவது வித்தைதான். என் முழங்கால்கள் எழுபது வருடத்துக் கணக்கையும் அங்கேயே தீர்த்துக்கொண்டன. முதல் நட்டு அசைய மறுத்தது. ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகித் தொங்கினேன். நாலும் தளர்ந்ததும் வண்டி முனகிக்கொண்டு கீழே அமர்ந்தது. வெளியே வந்து பின்பக்கத்தை நாலு அமுக்கு அமுக்கினேன். மறுபடி நுழைந்து, ஷெட் சுவரில் அவன் சாக்பீஸால் எழுதி வைத்திருந்த எண்ணுக்கு ரெஞ்சைத் திருப்பி, நாலையும் கிளிக் வரும்வரை இறுக்கினேன்.

உடைந்த மஞ்சள் கோடுகளைச் சுரண்டிவிட்டேன். கோடில்லாத நட்டை க்ளைவ் ஒத்துக்கொள்ள மாட்டான். பெயின்ட் டப்பாவை மெர்வின் மூட மறந்திருந்தான், உள்ளே காய்ந்து கல். கடைக்குப் போய்வர நேரமில்லை. கைப்பையில் இருந்தது ரோஸ் நிற நெயில் பாலிஷ். இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை க்ளைவ் வந்தான். பாயை விரித்து அடியில் படுத்தான். நான் தேநீர்த் தட்டோடு நின்றேன்.

"டேய் மெர்வ், இது என்னடா ரோஸ் கலரு?"

"எது?"

"போல்ட்டு மேலதான். மஞ்சளைச் சுரண்டின தடமும் இருக்கு. ரெண்டு தடவை இறுக்கியிருக்கு."

மெர்வின் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என் விரல் நகங்களைப் பார்த்தான். தட்டை வைத்துக்கொண்டு கையை எங்கே ஒளிப்பது? பிறகு வண்டியின் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தான். பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தான்.

"ஸ்டாண்ட்ல இருக்கும்போதே இறுக்கிட்டேன். அப்படித்தானே டோரீன்?"

"ஆமா."

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்தே."

அவன் தலையாட்டினான். "க்ளைவ், அட்டை உங்கிட்டதானே இருக்கு? எடு. என் பாதி இனிமே உனக்கு."

"யானைக்கும் அடி சறுக்கும். ஒரு தடவை மறந்ததுக்கு என்ன இப்போ?" என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. ஒரு தடவை இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

க்ளைவ் வெளியே வரவில்லை. "ரெஞ்சைக் குடு," என்று கையை மட்டும் நீட்டினான். கொடுத்தேன். கிளிக், கிளிக், கிளிக், கிளிக். ஒரு நட்டுகூட அசையவில்லை. ஊர்ந்து வெளியே வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"நான் பண்ணாக்கூட நாலும் இவ்வளவு சரியா வந்ததில்ல," என்றான். பர்ஸிலிருந்து அந்த அட்டையை எடுத்தான். பழுப்பேறி, ஓரமெல்லாம் உரிந்திருந்தது. பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினான். "மெர்வ் பேருக்குப் பக்கத்துல இடம் இருக்கு. போடு."

"நாப்பத்தாறு வருஷம் டார்ச் புடிச்சேன். இப்பதான் கண்ணு தெரிஞ்சுதாக்கும்?"

"போடு டோரீன், டீ ஆறுது."

"போடறேன். ஆனா இனிமே டார்ச்சு நீ புடிக்கணும்."

போட்டேன். மெர்வின் மூக்கைச் சிந்திவிட்டு, என் கையெழுத்து கோணல் என்று குறை சொன்னான்.

மே மாதம் க்ளைவ் ஷெட்டில் முன்பக்க புஷ்களையும் மாற்றினோம். நான் அடியில். டார்ச் க்ளைவ் கையில். மெர்வின் மரப்பெட்டியில் உட்கார்ந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான்.

"டோரீன், சக்கரம் தரையில நிக்குதா?"

"நிக்குது மெர்வ்."

முதல் நட்டை இறுக்கினேன். கிளிக்.

"டோரீன், சக்கரம் தரையில நிக்குதா?"

க்ளைவ் டார்ச்சை இரண்டாவது நட்டின் பக்கம் திருப்பினான்.

"நிக்குது மெர்வ்," என்று சொல்லிவிட்டு அடுத்த நட்டில் ரெஞ்சை வைத்தேன்.