வேலியோரத்துப் பொறி

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் வண்டுக்காரர். காட்டிலாகாவில், மரத்தைத் துளைத்துச் சாகடிக்கிற பட்டை வண்டைப் பிடிக்கும் வேலை. வண்டை இழுக்கும் வாசனை மருந்தைப் பொறிக்குள் வைத்துத் தொங்கவிடுவார். "உயிருள்ள மரத்துக்குப் பக்கத்துல மட்டும் கட்டிடாதீங்க, வர்ற வண்டு மரத்துலயே குடியேறிடும்" என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வார். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

அன்று காலை துணி உலர்த்தப் பின்பக்கம் போனால், வேலியோர பைன் மரத்தடியில் காப்பித்தூள் மாதிரி மரத்தூள். அண்ணாந்தேன். கிளை மறைவில் ஒரு பொறி. வண்டு துளைத்த தூள்தான் அது.

"இதை யாருங்க கட்டினது?"

"நான்தான். நம்ம மரத்துக்குக் கூடுதலா ஒரு காவல்னு..."

"உங்க புத்தி புல் மேயப் போயிருந்துச்சா?"

வண்டு விழுந்த மரத்தோடு சுற்றியுள்ள மரங்களையும் வெட்ட வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் தச்சர் அண்ணனுடைய மரம் நிற்கிறது. அவருடைய மற்ற மரங்களை வண்டு விழுந்ததென்று இவர்தான் போன மாதம் வெட்ட வைத்தார். மிஞ்சியது அது ஒன்றுதான். அவர் பட்டறைக்கு அதுதான் நிழல்.

"நம்ம மரத்தை மட்டும் சத்தமில்லாம வெட்டிடலாமே" என்றார் இவர்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. பிடிக்கட்டும் என்று விட்டேன்.

"அவர் மரத்துலயும் ஏறியிருந்தா? அங்கேருந்து காட்டுக்குப் போக எவ்வளவு நேரம்? நீங்க சொல்றீங்களா, நான் போகவா?"

போனார். நானும் பின்னாலேயே போனேன். தச்சர் அண்ணன் இழைத்துக்கொண்டிருந்தார். இவர் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். இழைப்புளி நிற்கவேயில்லை. பாவி மனுஷன், திட்டியாவது தொலைத்திருக்கலாம்.

"அன்னைக்கு என் மரத்தை வெட்டறப்போ, என் அஜாக்கிரதைன்னு ஊர் முன்னாடி சொன்னீங்க" என்றார் கடைசியில். "இதையும் ஊர் முன்னாடி சொல்வீங்களா சார்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

"சொல்றேண்ணே."

தச்சர் அண்ணன் ரம்பத்தை எடுத்தார். "என் மரத்தை நானே அறுத்துக்கறேன். நீங்க கயித்தைப் பிடிங்க."

இவர் கயிற்றைப் பிடித்தார். நானும் போய்ப் பிடித்தேன். மரம் எங்கள் தோட்டத்துப் பக்கம் சாய்ந்தது. பட்டறையில் வெயில் விழுந்தது. தச்சர் அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இழைப்புப் பலகையை உள்ளே தள்ளிப் போட இடம் தேடினார்.