நடுவில் நிறுத்தக் கூடாது

கேமராவில் தெரிகிற அளவுக்கு மட்டும் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, இஸ்திரி மேசைமேல் கணினியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது முன்னறையில் அப்பாவின் மூச்சு மறுபடி தடுமாறியது. வயரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

அம்மா அவர் உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள். "காலைலேருந்து இப்படித்தான் இருக்கு. நீ எத்தனை தடவைதான் ஓடி வருவ? ஒரு இடத்துல உட்காருடி."

"மணி பத்தே முக்கால்மா. பதினொன்னுக்கு இன்டர்வியூ. வேற நாள் கேட்கட்டுமா?"

கண் மூடியிருந்த அப்பாவின் விரல் மட்டும் வேண்டாமென்று அசைந்தது. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர்.

"நடு மாடியில நிறுத்தாத. உள்ள இருக்கறவன் பயந்துருவான்." கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு, கண்ணைத் திறந்து தம்பியைத் தேடினார். "டேய், இவ முடிக்கற வரைக்கும் யாரும் கூப்பிடக் கூடாது."

"கவலைப்படாதீங்கப்பா. டாக்டரம்மா ரூமுக்கு நான்தான் வாட்ச்மேன்," என்றான் தம்பி. யாரும் சிரிக்கவில்லை.

அவள் ஊசி போடத் தெரியாத டாக்டர். புற்றுக்கட்டிகளின் மரபணு விவரங்களைக் கணினியில் அலசி, எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று கணிப்பதில் பட்டம் வாங்கியவள். அடுத்த படி, இரண்டு வருட ஆராய்ச்சிப் பணி. பதினாறு இடங்களுக்கு எழுதிப் போட்டதில் கூப்பிட்டது இந்த ஒரு பேராசிரியைதான். இதுவும் போனால் இத்தனை வருஷப் படிப்பும் அதோடு சரி.

அவள் அலசிய விவரங்களில் அப்பாவின் கட்டியும் இருந்தது. நோயாளிகளுக்கு எண் மட்டும்தான் உண்டு. யார் எந்த எண் என்பது ஆராய்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. ஆனால் ஊரில் உள்ள லிஃப்ட் எண்களையெல்லாம் மனப்பாடமாய்ச் சொல்கிற மனுஷர், ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு வந்த அன்றே சாப்பாட்டு மேசையில் "நான் நூத்திப்பதினேழு" என்று சொல்லிவிட்டார். மறுநாளே அவள் ஆய்வகத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போதாக்குறைக்கு, ஒருநாள் வரைபடத்தையே அவருக்குக் காட்டினாள். கோடு படிப்படியாகக் கீழே இறங்கியது.

"ஒரு படி இறங்கினா ஒருத்தர் போயிட்டார்னு அர்த்தம்பா. இருக்கறவங்களுக்குக் கோட்டு மேல சின்னதா ஒரு குறி."

கோட்டின் கடைசியில் தனியாக நின்ற குறியை அப்பா வெகுநேரம் பார்த்தார். "படிக்கட்டா? எல்லாரும் படிக்கட்டுல இறங்கியிருந்தா நான் எப்படிம்மா சம்பாதிச்சிருப்பேன்?"

அதே வரைபடம்தான் இப்போது திரையில் இருந்தது. மணி பதினொன்று இருபது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் தம்பியின் நிழல் வந்தது, நின்றது, போனது. மறுபடி வந்து நின்றது. இந்தத் தடவை போகவில்லை.

"இந்தக் கடைசிக் குறி," என்றார் பேராசிரியை. "உங்க கணிப்பு இவருக்கு ஏழு மாசம்னு சொல்லுது. இவர் இருபத்திரண்டு மாசமா இருக்கார். எங்க தப்பு?"

அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"அது எங்கப்பாங்க. எனக்கு அது தெரிஞ்சிருக்கக் கூடாது. தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லலை."

திரைக்கு அந்தப் பக்கம் பேனா கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"உங்க ஆய்வகத்துல இதைச் சொல்லியாகணும்."

"இன்னிக்கே எழுதிடறேங்க."

"இப்ப எப்படி இருக்கார்?"

"பக்கத்து ரூம்ல இருக்கார்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இங்க என்ன பண்றீங்க? எழுந்து போங்க."

தம்பி கதவுக்கு வெளியே தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"முடிச்சிட்டியாக்கா?"

"இல்லடா. நடுவுலயே வந்துட்டேன்."

அவன் தன் கால் விரல்களைப் பார்த்தான். "பதினொன்னேகாலுக்கு," என்றான்.

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொள்ளவில்லை. உள்ளே அம்மா பஞ்சை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள்.

மத்தியானம் ஆய்வகத்துக்கு மூன்று வரி எழுதி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் பேராசிரியையின் செய்தியைப் பார்த்தாள்: மீதியை அடுத்த வாரம் பேசலாம். ஆய்வகம் என்ன சொல்கிறது என்பதையும் அப்போதே சொல்லுங்கள். ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

நான்கு மணிக்கு அப்பாவைத் தூக்கினார்கள். வீடு நான்காவது மாடியில்; ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை.

"பில்டிங் கட்டும்போதே அவர் சொன்னாரு, லிஃப்ட் நீளம் பத்தாதுன்னு. யார் கேட்டா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

படிக்கட்டில்தான் இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கை மாற்றிக்கொண்டு, தம்பி "மெதுவா, மெதுவா" என்று சொல்வது கேட்டது. கீழே போகப் போக அது சின்னதாயிற்று.

அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்காக யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். லிஃப்ட் காலியாக மேலே வந்து திறந்தது. அம்மாவின் முழங்கால் வலிக்காக, இந்த மாடியில் மட்டும் கதவு கூடுதலாக நான்கு விநாடி திறந்திருக்கும்படி அப்பா வைத்திருந்தார். விளக்கு எரிய அது அவ்வளவு நேரமும் திறந்தே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.