விதி ஏழும் ஒரு கறுப்பு டப்பியும்

எடை அளவு இலாகாவில் முப்பது வருடம் தராசுகளைச் சந்தேகப்பட்டே காலம் தள்ளியவர் அவர். ஓய்வு பெற்றதும் சந்தேகப்பட எதுவும் இல்லாமல் உடம்புக்கு வந்துவிடப்போகிறதே என்று வீட்டில் பயந்தார்கள். நல்லவேளை, பழைய கார் சங்கம் அவரைச் செயலாளர் ஆக்கிக் காப்பாற்றியது. மற்றவர்கள் பேனா குத்தும் பையில் அவர் கேஜ் வைத்திருப்பார், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு. சங்கத்தில் அவருக்குப் பெயரே 'கேஜ்' என்று ஆகிப்போனது. அதில் அவருக்குப் பெருமைதான்.

அவருடைய கார் வயதில் அவருக்கு இளையது, இருமலில் மூத்தது. அந்தக் காலத்துக் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு கிண்ணம் உண்டு. அதன் மூடிக்குள் பாயின்ட் என்கிற இரண்டு உலோக உதடுகள் ஒட்டியும் விலகியும், பிளக்கில் பொறி பறக்க நேரம் குறித்துக் கொடுக்கும். உதடு கருகினாலோ, இடைவெளி முடியளவு மாறினாலோ எஞ்சின் மிஸ் அடிக்கும். அவர் காரில் நடுத்தண்டே தேய்ந்து ஆடியதால், எத்தனை முறை அளந்து வைத்தாலும் இடைவெளி நிலைக்காது. ஞாயிறு தவறாமல் மூடியைத் திறப்பார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், கேஜ் விட்டு அளப்பார். திங்கட்கிழமை வண்டி தெருமுனையில் நின்று இருமும். "காத்துல ஈரம்" என்பார்.

அவர் மனைவி மருந்துக் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருடம் வேன் ஓட்டியவள். ஆனாலும் இந்த வண்டியின் ஸ்டீயரிங்கை அவள் தொட்டதில்லை. "இதுக்கு கிளட்ச் விடறதுல ஒரு பக்குவம் இருக்கும்மா. உனக்குப் பிடிபடாது" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார். ஆகவே வண்டி நின்றால் பக்குவம் தெரிந்தவர் உள்ளே உட்காருவார், தெரியாதவள் இறங்கித் தள்ளுவாள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு.

போன மாதம் பாலத்து உச்சியில் வண்டி நின்றது. பின்னால் நாற்பது வண்டிகள் ஹாரன் அடிக்க, அவள் புதுச் செருப்போடு தள்ளினாள். வண்டி பற்றிக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடுமே என்று அவர் நிறுத்தவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, ஷெட்டில் விட்டு, எஞ்சினை அணைத்த பிறகுதான் பக்கத்து சீட்டைப் பார்த்தார். அவள் ஒரு மணி நேரம் கழித்து பஸ்ஸில் வந்தாள், ஒரு செருப்போடு.

"நிறுத்தியிருந்தா நீதானே மறுபடி தள்ளணும்? உனக்காகத்தான் நிறுத்தல."

"ரொம்ப நல்லதுங்க. இனிமே நான் அந்த வண்டியில ஏறமாட்டேன். தள்ளவும் மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் அவள். மூன்று வாரம் அவர் தனியாக ஓட்டினார். பக்கத்து சீட் காலி. வண்டியைப் பற்றிப் புலம்ப ஆள் இல்லை, "காத்துல ஈரம்" என்றால் உம் கொட்ட ஆள் இல்லை. சங்கத்தின் வருடாந்திர அணிவகுப்புக்கோ இன்னும் எட்டே நாள். அவள் இல்லாமல் அதில் போவது அவருக்கு நினைத்துக்கூடப் பார்க்க முடியாததாக இருந்தது.

வழி ஒன்றுதான். பாயின்ட்டைக் கழற்றிவிட்டு, உரசாமலே அந்த வேலையைச் செய்யும் எலெக்ட்ரானிக் டப்பி வைப்பது. அங்கேதான் இடித்தது. சங்கத்தின் விதி ஏழு சொல்கிறது: 'பிறக்கும்போது இல்லாத உறுப்பு எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது. டயர், பேட்டரி, ஓட்டுநர் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு.' எழுதியவர் கேஜ். அந்த விதியில் முதலில் வெளியேற்றப்பட்டவர் அவருடைய சொந்த மச்சினன், மனைவியின் தம்பி. ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். மூன்று வருடத்துக்கு முன் பொதுக்குழுவில் மச்சினன் காரின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கறுப்பு டப்பியைச் செத்த எலியைத் தூக்குவது மாதிரி ஒயரைப் பிடித்துத் தூக்கிக் காட்டியதும் கேஜ்தான். அன்றிலிருந்து மச்சினன் அக்கா வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

வெட்கத்தை விட்டு அவரிடமே போனார். மச்சினன் ஒரு ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஒரு உதவி."

"அத்தானா? உள்ள உட்காருங்க. எந்த வண்டிக்கு எலி வேணும்?"

சனிக்கிழமை மத்தியானம் மச்சினன் டப்பியோடு வந்து இறங்கியபோது, கதவைத் திறந்தது அக்கா. உள்ளே ஓடி டீ போட்டாள். போட்டதைக் கொண்டுவர மறந்து இன்னொரு முறை போட்டாள்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. மூடியைக் கழற்றி, பாயின்ட்டையும் அதற்குத் துணையான கண்டென்சரையும் எடுத்து, நடுத்தண்டில் காந்த வளையம் ஒன்றைச் செருகி, பாயின்ட் இருந்த இடத்தில் டப்பியை முடுக்கினார் மச்சினன். சிவப்பு ஒயர், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் ஒரு முனைக்கு, கறுப்பு மறு முனைக்கு. "மாத்திக் குடுத்தா பொட்டுனு போயிடும் அத்தான். அதே மாதிரி எஞ்சின் ஓடாதப்ப சாவியைப் போட்டபடி விட்டுடாதீங்க." டைமிங்கை ஒரு தரம் சரிபார்த்தார். முப்பத்தைந்து நிமிடம். சாவியைத் திருப்பினால், வண்டி இருமவில்லை, தும்மவில்லை, தூங்கும் குழந்தை மாதிரி சீராக மூச்சு விட்டது.

கேஜுக்குச் சந்தோஷம் வந்தது. பின்னாலேயே பயமும் வந்தது. புது ஒயர்களை ஒரு பழைய துணிக்குழாய்க்குள் ஒளித்தார். தெருவில் யாருக்கும் சந்தேகம் வராதிருக்க, ஓடும்போதே சாவியை ஒரு நொடி அணைத்துப் போட்டுச் செயற்கையாக இரண்டு இருமல் இருமவைத்தார். மனைவி பக்கத்து சீட்டில் ஏறியிருந்தாள். தம்பி செய்த வேலை என்பதால் ஏறியிருந்தாள்.

"எதுக்குங்க இந்த நாடகம்?"

"சங்கத்து மானம்மா."

அணிவகுப்பு மைதானத்தில் சங்கத் தலைவர் பரிசோதனைக்கு வந்தார். தொழிலில் பல் டாக்டர். எந்த பானெட்டைத் திறந்தாலும் "ஆ காட்டுங்க" என்பது போலத்தான் குனிவார். கேஜின் எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டவர் அப்படியே சிலிர்த்துப்போனார். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"கேட்டீங்களா இந்தச் சத்தத்தை? இதுதான் பாயின்ட்! முறையாப் பராமரிச்சா பாயின்ட் எப்படி ஓடும்கிறதுக்கு நம்ம செயலாளர்தான் சாட்சி. எலெக்ட்ரானிக் வச்சாத்தான் ஓடும்னு சொல்ற சோம்பேறிகளுக்கு இது செருப்படி!"

கைதட்டல். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார் கேஜ். தலைவர் விடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"நாம வெளியேத்தின ஒருத்தர், நம்ம செயலாளரோட மச்சினரே, திரும்பச் சேர்த்துக்கச் சொல்லி எழுதியிருக்கார். பதிலைச் செயலாளரே தன் வாயால சொல்லிடட்டும்."

மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக மச்சினன் நின்றிருந்தார். எழுதிக் கொடுத்ததை அவர் அத்தானிடம் சொல்லவில்லை. உதவிக்குக் கூலி கேட்டது போல ஆகிவிடுமே என்று நினைத்திருப்பார். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அத்தான் மானம் கப்பலேறும், ஆனால் அவர் சொல்லப்போவதில்லை. அது கேஜுக்கும் தெரிந்தது. அதுதான் உறுத்தியது.

மைக் கைக்கு வந்தது. 'விதி விதிதான்' என்ற இரண்டு சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. முப்பது வருடம் அதைச் சொல்லியே சம்பளம் வாங்கியவர். அப்போது கார்க் கதவு க்ளிக் என்றது. மனைவி கைப்பிடியில் கை வைத்திருந்தாள். முழுசாகத் திறக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது இறங்கினால் அவள் இனி ஏறமாட்டாள். செருப்பு போன மாதிரி இல்லை இது.

கேஜ் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எஞ்சினை அணைத்தார். டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு கிளிப்பையும் நெம்பி மூடியைத் தூக்கினார்.

"பாருங்க டாக்டர். நல்லாக் குனிஞ்சு பாருங்க."

பல் டாக்டர் குனிந்தார். சொந்தப் பல் எதிர்பார்த்த இடத்தில் பொய்ப் பல்லைப் பார்த்தவர் போல நிமிர்ந்தார்.

"இது... இது அந்த டப்பி!"

"அதேதான். வச்சுக் குடுத்தது என் மச்சினன். இருபத்திரண்டு வருஷமா நான் கேஜ் விட்டு அளந்து கிழிச்சதை அவர் முப்பத்தஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டார்." கக்கத்து மைக் மைதானம் முழுக்கச் சொன்னது. "விதி ஏழுப்படி நான் வெளியே. தீர்மானத்தை நானே எழுதித் தர்றேன், எழுத்துப் பிழை இல்லாம இருக்கும்."

மைதானத்தில் படார் படார் என்று ஏழெட்டு பானெட்டுகள் மூடிக்கொண்டன. தலைவருடையதுதான் முதலில் மூடியது.

கேஜ் மூடியை மாட்டிவிட்டுத் திரும்பினார். மச்சினன் கயிற்றைத் தாண்டி வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார். கேஜ் டிரைவர் பக்கம் போனார். அங்கே மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பக்கம் ஏறுங்க."

"இல்லம்மா, இதுல கிளட்ச் விடறதுல ஒரு..."

"ஏறுங்கன்னா."

சுற்றி வந்து ஏறினார். சட்டைப் பையில் இருந்த தகடுக் கட்டு நெஞ்சைக் குத்தியது. எடுத்து டாஷ்போர்டுக்குள் போட்டார். அவள் கண்ணாடியைத் திருத்தி, சீட்டை முன்னால் இழுத்து, சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே பற்றிக்கொண்டது. கிளட்சை விட்டாள். ஒரு குலுக்கல் இல்லாமல், ஒரு இருமல் இல்லாமல் வண்டி நழுவிப் போனது.

வண்டி மைதானத்து வாசலைத் தாண்டியது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பக்குவம் இவ்வளவுதானா?" என்றாள்.