துண்டுக்குள் பேசிய சர்க்கரை

"டாக்டராகத் துடிக்கும் மாணவர்களே! நோய் வருமுன் காக்கும் நவீனத் தொழில்நுட்பத்தில் அரிய வாய்ப்பு!" என்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு கம்பெனிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வில் ஒன்றரை மார்க்கில் சீட்டைக் கோட்டைவிட்டு, மறுபடி எழுதப் படித்துக்கொண்டிருந்த அன்புக்கரசி போய்ச் சேர்ந்தாள். அரிய வாய்ப்பு என்னவென்றால், உள்ளங்கை அகலத்தில் ஒரு மிஷின், ஆளுக்கொன்றாகக் குத்த ஒரு டப்பா ஊசி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வைத்தால் சர்க்கரை எவ்வளவு என்று மிஷின் சொல்லும். 2003-இல் அது ஊருக்குப் புதுசு.

மிஷினோடு உட்கார அய்யலூர் ஆட்டுச் சந்தையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் அப்பா உடையப்பன் அங்கே தரகர். பொங்கலுக்கு முன்னால் அவர் கால் கட்டைவிரலில் பட்ட காயம் பங்குனி பிறந்தும் ஆறவில்லை. வீட்டில் ஊசியை எடுத்தாலே மனுஷன் ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் கிளம்பிவிடுவார். சர்க்கரையாக இருந்து கால் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

வியாழக்கிழமை முதல் ஆளாக வியாபாரி பொம்மையன் வந்து உட்கார்ந்தார். குத்தினாள். மிஷினைப் பார்த்தாள். வகுப்பில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி உரக்கச் சொன்னாள்.

"இருநூத்தி எழுவது!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. பொம்மையன் துள்ளி எழுந்தார்.

"ஏ புள்ள, சந்தையில நம்பர வாய்விட்டுச் சொல்லலாமா? உடையப்பன் மகதானா நீ?"

அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. அங்கே ஆட்டு விலையை எவரும் வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டுக் கையை மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். மூன்று விரலைப் பிடித்தால் மூன்று. தரகர் மகளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். பாடப்புத்தகத்தில் இல்லாததால் மறந்துவிட்டாள்.

அப்புறம் ஈ காக்கா அண்டவில்லை. டீக்கடையில் ஒரு துண்டை இரவல் வாங்கிவந்தாள்.

"குத்துறது வெளிய. நம்பர் துண்டுக்குள்ள!" என்று கூவினாள்.

பத்து மணிக்கு வரிசை நின்றது. நூறு உள்ளவரும் நானூறு உள்ளவரும் ஒரே முகத்தோடு எழுந்து போனார்கள். சர்க்கரை கூடியவர்களுக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

ஆடெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு உடையப்பன் வந்தார்.

"இம்புட்டுப் பேரும் நீட்டுறானுக. நான் நீட்டலேன்னா தொழிலுக்கு அசிங்கம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலைக் கொடுத்தார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

அவர் தன் துண்டையே எடுத்துப் போட்டார். உள்ளே அவள் அவருடைய மூன்று விரலைப் பிடித்தாள், அப்புறம் ஒன்று, அப்புறம் இரண்டு. முகம் மாறாமல் அவர் அவளுடைய இரண்டு விரலைப் பிடித்தார். இருநூறு! முப்பது வருஷமாக எந்த நம்பரையும் சொன்னபடி ஒத்துக்கொள்ளாத கை. அவள் மறுபடி மூன்றைப் பிடித்தாள். அவர் மறுபடி இரண்டு.

"கொறைக்க ஏலாதுப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். கண் நிறைந்துவிட்டது.

உடையப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல அவள் மூன்று விரலையும் பிடித்தார். பேரம் படிந்தால் அப்படித்தான் பிடிப்பார்கள்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பெரியாஸ்பத்திரில காலைல எத்தன மணிக்குச் சீட்டுப் போடுவாக?" என்றார்.