நாலாவது சுவர்

சுவருக்கு அச்சாக அடைத்த பலகையைச் சுத்தியலால் தட்டினாள். மந்தமான சத்தம், கான்கிரீட் அதுவரை ஏறியிருந்தது. ஒரு சாண் மேலே தட்டினாள். டொக்கென்று காலியாகக் கேட்டது.

பத்தடிப் பள்ளத்தின் அடியில் நின்றாள் அவள். வீட்டோடு புதிதாகச் சேர்க்கும் பகுதிக்கான நிலவறை. மூன்று சுவர்களைப் போன வாரமே ஊற்றியாகிவிட்டது. பழைய வீட்டை ஒட்டிய இந்த நாலாவதுதான் பாக்கி. அந்தப் பக்கம் வீடே முட்டுகளின் மேல்தான் நின்றது. நேர் மேலே, மூலை அறையில், அப்பாவின் கட்டில். வேறு அறைக்கு மாற்றுகிறோம் என்றதற்கு, நாற்பது வருடம் மேஸ்திரியாக இருந்த மனிதர் மசியவில்லை.

"வேலை சத்தம் காதுல விழணும் எனக்கு," என்றார் காலையில். "என்னைப் புதைக்கத்தான் இவ்வளவு ஆழமா தோண்டுனியா?"

மூச்சுதான் குறைந்திருந்தது, வாய் குறையவில்லை. அவள் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே மூச்சுல ஊத்திடு. நடுவுல விட்டா, அந்த ஒட்டுல காலத்துக்கும் கசியும்."

பம்ப் லாரி தெருவில் நின்றது. அங்கிருந்து டிரைவருக்குப் பள்ளம் தெரியாது. சுவர் நிறைந்ததும் மேலே குழாய் பிடிப்பவர் கை தூக்கினால், பள்ளத்தின் பக்கமும் தெருவின் பக்கமும் ஜன்னல் உள்ள மூலை அறையிலிருந்து தம்பி குரல் கொடுப்பான். மூன்று சுவருக்கும் அதே ஏற்பாடு, அதே ஒரு வார்த்தை.

"முடிஞ்சிடுச்சு." ஜன்னலிலிருந்து தம்பியின் குரல்.

குழாய் ஓர் உதறு உதறி நின்றது.

அவள் மறுபடி தட்டிப் பார்த்தாள். நெஞ்சு உயரத்துக்கு மேல் எல்லாம் காலி.

"எங்கடா முடிஞ்சுது? பாதிகூட ஏறலை. கண்ணை எங்க வச்சிருக்க?"

தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றான். சுவரைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தான்.

"அக்கா," என்றான். "அப்பா."

டிரைவர் பள்ளத்தின் ஓரத்துக்கு வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"நிறுத்திக்கலாம்மா. நீங்க மேல போங்க."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"இந்த வெயில்ல இருபது நிமிஷம். அப்புறம் குழாய்க்குள்ளயே இறுகிடும்."

ஏணியில் ஏறினாள். ஒரு படி, இரண்டு படி. சூடு ஆறுவதற்குள் அந்தக் கையை ஒருமுறை தொட்டுவிட வேண்டும் போலிருந்தது. பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். போனால் திரும்பமாட்டாள் என்பதும் தெரிந்தது.

இறங்கினாள்.

"ஓட்டுங்கண்ணே."

குழாய் மறுபடி உதறியது. தட்டிக்கொண்டே வந்தாள். தோள் உயரம், தலை உயரம். அழுகை வந்தது, கையுறையால் துடைத்ததில் சிமென்ட் கண்ணில் பட்டு எரிந்தது. பலகை எங்கும் பிதுங்கவில்லை. முட்டுகள் அசையவில்லை.

குழாய்க்காரர் கை தூக்கினார்.

ஜன்னலில் யாரும் இல்லை. அவள்தான் குரல் கொடுக்க வேண்டும். ஏணியில் ஏறித் தெருப்பக்கம் ஓடினாள். டிரைவர் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தார். வாயைத் திறந்தாள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

பின்னால் கான்கிரீட் விளிம்பைத் தாண்டி வழிந்து, தொப்புத் தொப்பென்று பள்ளத்தில் விழுந்தது.

கையை மட்டும் உயர்த்தினாள்.