இரண்டாம் வகுப்பில் தங்கிவிட்ட கேள்வி

1983 நவம்பரில், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ரயில் பாலத்தை ஒட்டிய எங்கள் யூதப் பள்ளியில், இரண்டாம் வகுப்புச் சிறுமி திர்ட்சா கேட்ட ஒரு கேள்வி, அவள் வாயை மூடிய பிறகும் நிற்கவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை, மழை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, அவள் குரலிலேயே அது ஒலித்தது: "பேரு வைக்காத பாப்பாவ கடவுள் எப்படிக் கூப்பிடுவாரு?" திர்ட்சா வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு சூப் குடித்துக்கொண்டிருந்தபோதும் காலி வகுப்பில் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பெருக்க வந்த பெண்மணி எல்லா மேசைகளுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு, அன்று அந்த அறையை மட்டும் பெருக்காமல் போனாள்.

திர்ட்சாவின் தம்பி ஏழு வாரம் முன்னதாகப் பிறந்து மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். எங்களில் ஆண்பிள்ளைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போதுதான் பெயர். எடை ஏறாமல் கத்தி படக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதால் எட்டாம் நாளும் போனது, இருபதாம் நாளும் போனது. தொழுகைக் கூடத்தில் நோயாளிகளுக்காகப் பெயர் சொல்லி வேண்டும்போது இவன் முறை வந்தால் "குழந்தை, ஹின்டாவின் மகன்" என்பார்கள். பெண்கள் உட்காரும் மேல்தளத்தில் தாய் ஹின்டாவின் காலி இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திர்ட்சா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளியை நிறுவியவர் முதல் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு விதி எழுதி வைத்திருந்தார். தெரியாததைத் தெரிந்ததுபோல் பிள்ளையிடம் சொல்லாதே. இருவர் இருவராக உட்காரவைத்துத் தேடவிடு. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் அதன் கீழே கையெழுத்திட வேண்டும். முப்பது வருடமாக அந்தக் கையெழுத்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

தலைமையாசிரியர் எல்கான் வெர்ட்ஹைம் புதன்கிழமை காலையில் வகுப்பின் நடுவே நின்று, "அவரு எல்லாம் அறிஞ்சவரு, அவருக்குப் பேரே தேவையில்ல" என்று அழுத்தமாகப் பதில் சொன்னார். அடுத்த முறை கேள்வி ஜன்னல் கண்ணாடி அதிர வந்தது. மேல்மாடியில் பின்னங்கள் படித்துக்கொண்டிருந்த ஐந்தாம் வகுப்புக்கும் அது கேட்டது. வியாழக்கிழமை பெற்றோர் வாசலில் கூடிவிட்டார்கள். கித்தெல் என்ற சிறுமியின் தாய், வகுப்பாசிரியை பெர்லா ராட்ஹவுஸை மறித்தாள். ஆசிரியையை எங்கள் பக்கம் மோரா என்றுதான் கூப்பிடுவது.

"என் பொண்ணு தட்டுல கையே வைக்க மாட்டேங்குறா, மோரா. அந்தப் பாப்பா செத்துருமான்னு கேக்குறா. நான் என்னன்னு சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

"இதுக்குத்தான் ஸ்கூலுக்கு அனுப்புறோமாக்கும்?"

"இதுக்கும்தான்."

 அப்படிச் சொன்னாலும், பெர்லா தினமும் காலையில் வருகைப் பதிவை விரிக்கும் முன் திர்ட்சாவின் முகத்தைப் பார்ப்பாள். அழுத முகமா என்று பார்த்துத் தெளிந்த பிறகே முதல் பெயரை வாசிப்பாள்.  இதற்கிடையில் அரசாங்க ஆய்வாளர் டிசம்பரில் வருவதாகக் கடிதம் வந்தது. பள்ளியின் அங்கீகாரம் அவர் அறிக்கையைப் பொறுத்திருந்தது. வகுப்பை நிலவறைக்கு மாற்றி அந்த அறையைப் பூட்டிவிடலாம் என்றார் வெர்ட்ஹைம்.

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், சார்."

"நானுந்தாம்மா போட்டேன். ஒரு கேள்வி இப்படி வாயத் தொறக்கும்னு யாரு கண்டா?"

அவள் அறையை மாற்றவில்லை. பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்தாள். திர்ட்சாவுக்கு ஜோடி கித்தெல்.

"ஏய்னு கூப்பிடுவாரு. எங்கப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுறாரு" என்றாள் கித்தெல்.

"அங்க பதினோரு பாப்பா இருக்கு. ஏய்னா எல்லாந்தான் திரும்பும்."

கித்தெல் பென்சிலைக் கடித்தாள். "அப்ப அவரே பெட்டிக்குப் பக்கத்துல போய் உக்காந்திருப்பாரு. பக்கத்துல இருந்தா எதுக்குடி கூப்பிடணும்?"

 அன்று மத்தியானம் கேள்வி சாதாரணக் குரலுக்கு இறங்கி, அரைமணிக்கு ஒருமுறையாகக் குறைந்தது. கித்தெல் இரண்டு முறை சூப் வாங்கிக் குடித்தாள்.

ஆய்வாளர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். ஃப்ரீடா வெர்லின்டன் என்ற உயரமான பெண்மணி. வாய்ப்பாடு நடக்கும்போது கேள்வி வந்தது. பெர்லா மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். யார் பேசியது என்று ஆய்வாளர் கேட்க, திர்ட்சா எழுந்து, "நான்தான். மூணு வாரத்துக்கு முன்னாடி" என்றாள். அதற்கு என்ன பதில் என்று அவர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். "இன்னும் தேடிக்கிட்டிருக்கோம். அவசரமா வேணுமா?" என்றாள் கித்தெல். வெர்லின்டன் அவசரமில்லை என்று சொல்லிவிட்டு, மத்தியானம்வரை இருந்து எழுதினார். அறிக்கையின் நான்காம் பக்கத்தில், வெப்பமூட்டிக்கும் கழிப்பறைக்கும் இடையில், ஒரே வரி: இரண்டாம் வகுப்பில் ஒரு கேள்வி இருக்கிறது, பாடத்துக்கு இடையூறு இல்லை.

நாற்பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை, பிள்ளைக்கு விருத்தசேதனம் முடிந்து அஸ்ரியேல் என்று பெயர் வைத்தார்கள். ஹின்டா சுவரில் சாய்ந்தபடி அழுதாள். ஆண்கள் ஹெர்ரிங் மீனும் கேக்கும் தின்று பாடினார்கள். வெர்ட்ஹைம் மட்டும் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினார். இரண்டாம் வகுப்பில், நனைந்த கோட்டோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபது நிமிடம் அமைதி. அப்புறம் கேள்வி வந்தது.

"அதான் பேரு வெச்சாச்சே. இன்னும் என்னவாம் இதுக்கு?" என்றார் பெர்லாவிடம்.

"பேரு வெச்சது நாம. அதுவரைக்கும் அவரு எப்படிக் கூப்பிட்டாருன்னு நமக்கு இன்னும் தெரியலையே, சார்."

வெர்ட்ஹைம் ஒரு சின்ன நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முழங்கால்கள் நெஞ்சுவரை வந்தன. "எனக்கும் தெரியலம்மா" என்றார். அவர் அந்தப் பள்ளியில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெர்லா இருபத்தோரு வருடம் கழித்து ஓய்வு பெற்றாள். ஜன்னல்களை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. இப்போதைய மோரா லீஜ் நகரத்திலிருந்து வந்த இளம்பெண். அந்தக் கேள்வி எழும்போது அவள் பாதி வாக்கியத்தில் நிறுத்துவாள். பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைப்பார்கள். கை தூக்கிப் பேசும் ஒரு பிள்ளையைக் கேட்பதுபோல் கடைசிச் சொல்வரை கேட்பார்கள். பிறகு ஏழாம் வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.