பின்பாதி

“இது எங்க அத்தா செஞ்ச வண்டி” என்று அன்வரி பேகம் சொன்னபோது, மகள் ஷாஹிதா இட்லித் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தாள்.

“நன்னா லாரிக்குப் பாடி கட்டினவர்னுதானே சொல்லுவீங்க?” அம்மாவின் தகப்பனாரை அவள் நன்னா என்றுதான் சொல்வாள்.

“லாரிதான் கட்டினார். இது ஒண்ணு மட்டும் கார்.”

பேப்பரில் அரைப் பக்கத்துக்கு, முன்பக்கம் தெரிகிற மாதிரி படம் போட்டிருந்தார்கள். 1937-இல் பிரான்ஸில் செய்த தெலாஹே கார். துணிக்கூரையை மடித்து வைத்தால் திறந்த வண்டி. நீண்ட மூக்கு, வெண்ணெய் நிறம். தி. நகரில் நகைக்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம் என்பவர் பல வருஷம் பாடுபட்டு அதைப் புதுப்பித்திருக்கிறார் என்றும், ஒரு காலத்தில் அது ஒரு ஜமீன் குடும்பத்து வண்டி என்றும் எழுதியிருந்தது. அன்வரி நம்பர் பிளேட்டைப் பார்த்தார். அதே நம்பர்தான்.

அவருக்கு எட்டு வயதிருக்கும்போது, மழைக்காலத்தில், செங்கல்பட்டுப் பக்கம் அந்த வண்டியின் மேல் புளியமரம் சாய்ந்தது. முன்பாதி தப்பிவிட்டது. கதவிலிருந்து பின்னால் எல்லாம் அப்பளம். ஜமீன்காரர் அதை லாரியில் ஏற்றி, தேனாம்பேட்டையில் இருந்த கமாலுத்தீனின் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கினார். கமாலுத்தீன்தான் அன்வரியின் அத்தா.

அதே வருஷம்தான் அன்வரியின் அம்மா பிரசவத்தில் இறந்துபோனார். பிள்ளையும் தங்கவில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பள்ளிக்கூடம் விட்டதும் அத்தா அவளைக் கொட்டகைக்கே கூட்டிவந்துவிடுவார். பின்பாதி இல்லாத அந்த வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்துதான் அவள் வாய்ப்பாடு படித்தாள். தகரத்தைத் தட்டும் சத்தத்திலேயே தூங்கிப் பழகினாள். வீட்டில் அத்தா அழுது அவள் பார்த்ததில்லை. கொட்டகையில் சில நாள் தட்டுகிற சத்தம் சட்டென்று நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் அவர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரியும். கூப்பிட்டால் பதில் வராது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்ட ஆரம்பிப்பார்.

கதவுகள், பின் மட்கார்டுகள், டிக்கி என்று ஒவ்வொன்றாய் முளைத்தன. மறு வருஷம் ரம்ஜானுக்கு முன்னால் முழு வண்டியாக அது கொட்டகையை விட்டுப் போனது. அதற்குப் பிறகு அவர் கட்டியதெல்லாம் லாரியும் வேனும்தான். அவையெல்லாம் எப்போதோ தேய்ந்து ஒழிந்துபோயின. அவரும் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

“போய்ப் பார்த்துட்டு வரலாமா?” என்றார் அன்வரி. கணக்கு டீச்சராக ஓய்வுபெற்றவர். எதையும் கெஞ்சிக் கேட்டுப் பழக்கமில்லாதவர். அம்மா கேட்ட தொனியைப் பார்த்து ஷாஹிதாவே நகைக்கடைக்குப் போன் போட்டாள்.

சுயம்புலிங்கமே பேசினார். “எங்க நன்னா அந்த வண்டிக்கு வேலை பார்த்தவர் சார்” என்று அவள் சொன்னதும் குஷியாகிவிட்டார். “அந்தக் கால மெக்கானிக்கா? அடடா! அம்மாவக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. ஞாயித்துக்கிழம வீட்டுலதான் இருப்பேன்.”

அசோக் நகரிலிருந்து ஆட்டோ பிடித்து அபிராமபுரம் போனார்கள். அன்வரி, பெருநாளைக்கு எடுத்த புடவையைக் கட்டியிருந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்; டிக்கி மூடியை அத்தா மூன்று தடவை பிரித்துத் திரும்பச் செய்தாராம், நடுவில் தகரம் இரண்டும் சேருகிற இடத்தில் மெல்லிய வரப்பு மாதிரி ஒன்று கடைசி வரைக்கும் அவருக்கு மசியவில்லையாம். ஷாஹிதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அம்மா இதில் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

சுயம்புலிங்கம் வாசலுக்கே வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய ஆள், வேட்டியும் பனியனுமாக இருந்தார். “வாங்கம்மா, வாங்க. வெயில்ல வந்திருக்கீக. மோர் குடிச்சிட்டுப் பாக்கலாமா?”

“வண்டியப் பார்த்துடறேன் சார்.”

போர்ட்டிகோவில் நின்றது. அன்வரி முன்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் பின்னால் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். அத்தாவின் வண்டிக்குப் பின்புறம் நீளமாகச் சரிந்து இறங்கும். இது குட்டையாக, உருண்டையாக இருந்தது. டிக்கி மூடியின் நடுவே விரலை ஓட்டினார். வழுக்கிக்கொண்டு போனது. குனிந்து மட்கார்டின் உள்பக்கம் கை விட்டுத் தடவினார். சுத்தியல் பட்ட இடமே இல்லை.

“பின்னால மாத்தியிருக்கீங்களா சார்?”

“அத ஏன் கேக்கீக!” சுயம்புலிங்கம் பெருமையோடு பக்கத்தில் வந்தார். “நான் வாங்கும்போது முன்னால பிரான்ஸு, பின்னால தகரக்கொட்டாய். யாரோ லோக்கல்ல கண்ணு திட்டத்துக்கு அடிச்சு ஒட்டியிருந்தாம்மா. வண்டி அழகே போயிருந்துச்சு. மொத்தத்தையும் கழட்டிப் போட்டுட்டேன். அப்புறம் பிரான்ஸுல இந்தக் கார் சங்கத்துக்காரங்களப் பிடிச்சு, பழைய வரைபடம் வாங்கி, கோயம்புத்தூர்ல குடுத்து அச்சு அசலாப் புதுசு செஞ்சேன். இப்பப் பாருங்க, பாரிஸ்லேர்ந்து எப்படி வந்துச்சோ அப்படியே—”

“சார்” என்றாள் ஷாஹிதா. “நன்னா மெக்கானிக் இல்ல. அந்தப் பின்பாதியச் செஞ்சவரு.”

சுயம்புலிங்கம் ஓரடி பின்னால் நகர்ந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி அன்புக்கரசி மோர் டம்ளர்களோடு வந்தார். யாரும் எடுக்கவில்லை.

“கழட்டினத எங்க போட்டீங்க?” அன்வரியின் குரலில் கோபமே இல்லை. வகுப்பில் கேள்வி கேட்பதுபோல்தான் கேட்டார்.

“கொல்லையிலதாம்மா கெடந்துச்சு. ரெண்டு மூணு வருஷம். போன மழைக்கு முன்னால...” அவர் சொல்லி முடிக்காமல் போனை எடுத்தார். காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

“அதுவா சார்? அது அப்பவே உருக்கப் பூட்ச்சு. இன்னா மேட்டரு, எதுனா உள்ள வச்சு மறந்துட்டியா?”

“ஒண்ணுமில்ல” என்று வைத்துவிட்டார்.

அன்வரி வண்டியின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். “பரவாயில்ல சார்” என்றார். பிறகு மறுபடியும், “பரவாயில்ல.”

“அம்மா, எனக்குத் தெரியாதும்மா. யாரு செஞ்சதுன்னு ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா...”

“தெரிய வழியில்லையே.”

அன்புக்கரசி அன்வரியை நாற்காலியில் உட்கார்த்தி மோரைக் கையில் கொடுத்தார். சுயம்புலிங்கம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். வண்டியில் ஒரு ரவுண்டு கூட்டிப் போகிறேன் என்றார். அன்வரி வேண்டாம் என்று தலையாட்டினார். “அடுத்த மாசம் பழைய வண்டிங்க கண்காட்சி இருக்கு. பக்கத்துல போர்டு வைப்பாங்க. அதுல அத்தா பேரப் போடுதேன். கட்டாயம் போடுதேன்.”

“அவர் செஞ்சது எதுவும் இதுல இல்லையே தம்பி. பேர மட்டும் எதுக்கு?”



திரும்பி வரும்போது ஆட்டோவில் ஷாஹிதாதான் பொருமிக்கொண்டே வந்தாள். தகரக்கொட்டாயாம், என்ன ஒரு திமிரு, பணம் இருந்தா எதையும் பிச்சு எறிஞ்சிடலாமா என்று. அன்வரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்ல மனுஷன்டி. மோரெல்லாம் குடுத்தாங்க” என்றார். அதன்பின் நாலைந்து நாள் வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. கேட்டால் பசியில்லை என்றார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் சுயம்புலிங்கமும் அன்புக்கரசியும் அசோக் நகர் வீட்டுக்கு வந்தார்கள். பழப்பை ஒரு கையில், பெரிய கவர் ஒரு கையில். ஆள் வாடிப்போயிருந்தார்.

“இவுக தூங்கவே இல்லம்மா” என்றார் அன்புக்கரசி.

சுயம்புலிங்கம் கவரை மேஜையில் வைத்தார். “கழட்டறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து வச்சிருந்தேன். எல்லாத்தையும் பெருசாப் பிரிண்ட் போட்டுக் கொண்டாந்திருக்கேன். இத வச்சு அத்தா செஞ்ச மாதிரியே பின்பாதிய மறுபடி செஞ்சுரலாம்மா. கோயம்புத்தூர்ல பேசிட்டேன். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், இப்ப இருக்குறதக் கழட்டிருதேன்.”

ஷாஹிதா அம்மாவைப் பார்த்தாள். அன்வரி கவரைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

“வேணாம் தம்பி. அத்தா அந்த ஜமீன்காரர் வீட்டுக்கு நடையா நடந்தார். வண்டியோட பின்பக்கம் தெரியற மாதிரி ஒரு படம் கிடைக்குமான்னு. அவங்ககிட்ட இருந்ததெல்லாம் முன்னால நின்னு எடுத்ததுதான். கடைசில அவரா ஒண்ண நெனச்சுக்கிட்டு அடிச்சார். இது அதுவா, இது அதுவான்னு என்கிட்டயே கேப்பார். எனக்கென்ன தெரியும்? உங்க கையில கெடச்ச வரைபடம் அவர் கையில கெடச்சிருந்தா, இப்ப இருக்கற மாதிரிதான் செஞ்சிருப்பார். அப்படியே இருக்கட்டும்.”

சுயம்புலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மனசாரச் சொல்லுதீகளாம்மா?”

“மனசாரத்தான்.”

லிஃப்ட் வரைக்கும் போய் அவர்களை வழியனுப்பினார். போகும்போது அன்புக்கரசியின் கையைப் பிடித்து, “அவரத் தூங்கச் சொல்லுங்க” என்றார்.

திரும்பி வந்தபோது ஷாஹிதா படங்களை மேஜை முழுக்கப் பரப்பியிருந்தாள். துருவேறிய கதவு, பிரித்துச் சாய்த்த மட்கார்டு. கொல்லைச் சுவரோரம் மல்லாந்து கிடந்த டிக்கி மூடியில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் வேப்பிலைகள் மிதந்தன.

“எது எதுன்னு சொல்லுங்கம்மா” என்றாள் ஷாஹிதா.

அன்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது இடது கதவு, இதைச் செய்தபோதுதான் அத்தா கையை வெட்டிக்கொண்டார், இது வலது மட்கார்டு, இதற்குத் தகரம் போதாமல் பாரிமுனைக்குப் போனோம், வரும்போது எனக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு படத்தில் தகரத்தின் உள்பக்கம் முழுவதும் சுத்தியல் விழுந்த குழிகள், நெருக்க நெருக்கமாய், வரிசை வரிசையாய்த் தெரிந்தன. அதைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அன்வரி அழுதார். அத்தா போன அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை. ஷாஹிதா நாற்காலியை நெருக்கிப் போட்டு, அம்மாவின் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மசூதியில் பாங்கு சொன்னார்கள். விளக்குப் போட இருவருமே எழுந்திருக்கவில்லை.